தரம் பார்ப்பவன்

மில் ராம்பில் எனக்கு வேலை நிறம் பார்ப்பது.
லோரி கொட்டும் குலைகளில்
கருப்பு என்றால் காய்,
கருஞ்சிவப்பு அரைப்பழம்,
செம்மஞ்சளேறி நாலு உதிர்ந்திருந்தால் பழம்.
பதினோரு வருஷத்தில் மேனேஜர்
என் கண்ணை இரண்டு தடவை சந்தேகப்பட்டார்.
இரண்டு தடவையும் தோற்றார்.

மூன்றாம் நாள் காலை, ஜெராம் கிளினிக்கில்,
மிஸ்ஸி ரொஹானா என் மகனை
ஜன்னலருகே தூக்கிப் போனாள்.
மூக்கு நுனியை அழுத்தி விரலை எடுத்தாள்.
வெளுத்தது. பிறகு
வெளுப்புக்கு அடியிலிருந்து
மஞ்சள் எழுந்து வந்தது.

நேற்று ராத்திரி நல்ல நிறமாக இருந்தானே என்றேன்.
குழல்விளக்கிலா பார்த்தீர்கள்?
ஆமாம்.
அப்போது நீங்கள் பார்த்தது விளக்கை, என்றாள் மலாயில்,
குதிகாலைத் துடைத்துக்கொண்டே.

ஒரு குத்து. மயிரிழைக் குழாயில் ஒரு கோடு ரத்தம்.
எண்: இருநூற்று எழுபது.

தொப்புள்கொடியில் எடுத்த ரத்தம்
எங்களுக்கு முன்பே எங்கோ போய்
அவனுக்குப் பேர் வைக்கும் முன்பே திரும்பியிருந்தது:
சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவு.

மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை, என்றார் டாக்டர் யோகமலர்.
மூன்று கிலோ நூறு. பால் இழுக்கிறான், கத்துகிறான்.
பிறக்கும்போது எல்லாரும் கூடுதல் ரத்தத்தோடு வருகிறோம்,
அது உடையும்,
கல்லீரல் இன்னும் புது வேலைக்காரன்,
கொஞ்சம் மஞ்சள் எல்லாருக்கும் உண்டு.
இவன் அணுவுக்குத் துரு தாங்கும் சக்தி குறைவு, அவ்வளவுதான்.

நொதி எனக்குப் புதுச் சொல் இல்லை.
அடிபட்ட பழத்துக்குள் அது கண்விழிக்கும்,
எண்ணெயில் அமிலம் ஏறும்;
லோரி தாமதித்தால் நான் கத்துவது அதற்காகத்தான்.
ஆவியில் அவித்து அதைக் கொல்கிறோம்,
மணிக்கு நாற்பது டன்.
என் மகனிடம் அது போதவில்லை என்கிறார்கள்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி.
கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் கிடத்தினார்கள்.
அந்த நீலத்தில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை,
என் தொழிலே இல்லை.
மூன்று மணிக்கொரு தரம் நளாயினி
பால் கொடுக்க மட்டும் அவனை வெளியே எடுத்தாள்.

தாய் வழியாக வருமாம், என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.
சின்னதில் என் தம்பிக்கு
தேத்தண்ணி நிறத்தில் மூத்திரம் போனது,
யாரோ கண் வைத்ததாகச் சொல்லி
மிளகாய் சுற்றிப் போட்டார்கள், என்றாள்.
சிரித்தாள். பிறகு அழுதாள்.
அல்லது அது முதலில், இது பிறகு.

ரவுண்டு வந்தபோது டாக்டர் சொன்னார்:
இந்தக் குறை உள்ளவர்களை
மலேரியா கொஞ்சம் விட்டுவைத்ததாக ஒரு கணக்கு உண்டு.
அப்படியென்றால்
காட்டுக் காய்ச்சலில் ஒரு லயமே காலியானபோது
யாரோ ஒருத்தி எழுந்து உட்கார்ந்து
கஞ்சி கேட்டிருக்கிறாள்.

விடுவித்த தாளில் தவிர்க்க வேண்டியவை:
சில மாத்திரைகள், ஒரு வகை மொச்சை, அந்துருண்டை.
அலமாரியைத் திறந்தேன்.
மச்சாள் கொடுத்தனுப்பிய குட்டிச் சட்டைகளின் மடிப்பில்
ஆறு வெள்ளை உருண்டைகள், சுத்தத்தின் வாசனையோடு.
பிளாஸ்டிக் பைக்குள் பை வைத்துக் கட்டி
மோட்டாரில் தொங்கவிட்டு
டவுன் குப்பைத்தொட்டி வரை போனேன்.
சட்டைகளை மூன்று முறை துவைத்தும்
மோந்து பார்த்து மோந்து பார்த்து
கடைசியில் புதிதாக வாங்கினேன்.

இன்று வேலைக்குத் திரும்பினேன்.
முதல் லோரி கொட்டியது.
ஒரு குலையிலிருந்து பழத்தைப் பிடுங்கி
கட்டைவிரலால் அழுத்திவிட்டு
நிறம் திரும்பி வருமா என்று
நின்றுகொண்டிருந்தேன்.

லோரிக்காரன் ஹார்ன் அடித்தான்.